அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலாப்பழம்: கீரமங்கலத்திலிருந்து கொடும்பாளூர் வரை

இது தனிப்பயணமாக இருந்திருக்க வேண்டியது.

ஜூலை முதல் வாரம், வெள்ளிக்கிழமை. கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்க்கக் கிளம்பினேன். வீட்டில் சொன்ன காரணம், கல்வெட்டுகளைப் படம் எடுக்க வேண்டும் என்பது. சொல்லாத காரணம் வேறு. அம்மாவிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. அதை எண்பது கிலோமீட்டர் தள்ளி நின்று போனில் சொல்வதாகத் திட்டம்.

செய்தி இதுதான். நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கொடுத்திருந்தது. நான்கு வருடம், உதவித்தொகையோடு. தலைப்பு, நம் பக்கத்துப் பழைய கண்மாய்களின் மடைகள். வருகிறேனா இல்லையா என்று வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் அவர்கள் இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானை அமுக்கிச் சொல்ல வேண்டும். அவர்கள் கடிகாரத்தில் ஐந்து. நமக்கு எட்டரை.

அப்பாவோ அறந்தாங்கிப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு பி.எட். சீட்டு சொல்லி வைத்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

எனக்கு இருபத்தைந்து வயது. யார் கையெழுத்தும் தேவையில்லை. தனியாக அமுக்கிவிடலாம். திங்கள் முதல் வியாழன் வரை பதினேழு முறை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். விரல் போகவில்லை. வீட்டில் சொல்லாமல் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குக்கூடப் போகாத விரல்.

அதனால்தான் இந்தத் திட்டம். போனில் சொன்னால் அம்மா முதலில் அழுவாள். பிறகு திட்டுவாள். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்பாள். இந்த மூன்றும் முடிய என் அனுபவத்தில் மூன்று மணி நேரம். பஸ் மாறி ஊர் திரும்பவும் ஏறக்குறைய அதே நேரம். நான் வாசலில் கால் வைக்கும்போது தட்டில் சோறு இருக்கும். அப்பாவிடம் அம்மா சொல்லிக்கொள்வாள்.

வியாழன் சாயங்காலம் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து சொன்னார்.

"நானும் வாரேன்."

"எங்கப்பா?"

"நீ போற எடத்துக்குத்தான். விராலிமலைப் பக்கம் ஒரு மோட்டார் வெலைக்கு வருதாம், பாக்கணும். எதுக்கு பஸ்ல போயி சீரழியிற? வண்டியிலயே போயிருவோம்."

திட்டம் முடிந்தது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். திங்கட்கிழமை கீரமங்கலம் கடைத்தெருவில் ஒரு செராக்ஸ் கடையில் அந்த அனுமதிக் கடிதத்தைப் பிரின்ட் எடுத்திருந்தேன். தேவை எதுவும் இல்லை. கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. முதல் தாள் மை மங்கி வந்தது. அதை அங்கேயே போட்டுவிட்டு இரண்டாவதை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஐந்து ரூபாய். கடைக்கார அண்ணன் என்ன என்று கேட்டார். புராஜெக்ட் என்றேன். நம்பியதுபோல் தலையாட்டினார். இந்த ஐந்து ரூபாயை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 6.10. எங்கள் வீடு கீரமங்கலத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, தோப்புக்கு நடுவில். அப்பாவின் வண்டி பதினொரு வயதான நூறு சிசி பைக். இரண்டு ஹெல்மெட். என் பையில் கேமரா, தண்ணீர். அப்பாவிடம் ஒரு உரச்சாக்கு. சாக்குக்குள் பலாப்பழம்.

"இது எதுக்குப்பா?"

"இருக்கட்டும். வெறுங்கையோடயா போறது?"

"கோயிலுக்குப் போறோம். அங்க நமக்கு யாரையும் தெரியாது."

"போனாத் தெரிஞ்சிரும்."

ஒன்பது கிலோ இருக்கும். முன்னால் டேங்கில் வைத்தால் ஹேண்டில் திரும்பாது. பின்னால் கட்டினால் எனக்கு இடமில்லை. எனவே சீட்டில் நடுவே வைத்தார். முன்னால் அப்பா, பின்னால் நான், நடுவில் பழம். வெளிப்புறம் முள்ளு முள்ளாக இருக்கும் ஒரு உறவினர் மாதிரி.

எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் பைக்கில்தான் நடக்கும். முகம் பார்க்க வேண்டாம். இரண்டு பேரும் சாலையைப் பார்க்கலாம். பிடிக்காத பதில் வந்தால் காற்றில் கேட்கவில்லை என்று இருந்துவிடலாம். நான் அறிவியல் பாடம் வேண்டாம், வரலாறு எடுக்கிறேன் என்று சொன்னது ஆலங்குடி சாலையில். அக்காவின் திருமணம் முடிவானது பேராவூரணி சாலையில். ஆக, இன்றும் சொல்லிவிடலாம். கொடும்பாளூர் போவதற்குள். எண்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் இருக்கிறது. முப்பத்தைந்தில் போகும் வண்டி.

முதல் முயற்சி, ஆறாவது கிலோமீட்டர்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு ஆத்தா."

சாலையோரத்தில் தென்னை. அதற்குப் பின்னால் தென்னை.

"பழம் குத்துது."

"கொஞ்சம் பின்னால தள்ளி உக்காரு."

6.55 ஆலங்குடி. டீ பன்னிரண்டு ரூபாய், வடை எட்டு. கடைக்காரர் அப்பாவுக்குப் பழக்கம். (எந்தக் கடைக்காரர் பழக்கமில்லை என்பதை இந்தப் பயணம் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.) அவர் என்னிடம் கேட்டார்.

"பாப்பா, அங்கிட்டெல்லாம் டீயில பாலே ஊத்த மாட்டாங்களாமே?"

"எங்கண்ணே, சென்னையிலயா? ஊத்துவாங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வடையைப் பார்த்தார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

அப்பா வடையைத் தின்றுவிட்டு, அது சுற்றி வந்த தாளை நீவி விரித்துப் படித்தார். இது அவர் வழக்கம். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். செய்தித்தாள் வாங்க மாட்டார். வடைத் தாள் எதையும் விட மாட்டார். எண்ணெய்க்கு நடுவே தெரியும் பாதிச் செய்தியைப் படித்துவிட்டு மீதியை அவரே யோசித்துக்கொள்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

7.50 புதுக்கோட்டை. வீட்டிலிருந்து நாற்பத்தோரு கிலோமீட்டர். பெட்ரோல் இருநூறு ரூபாய்க்கு. பெட்ரோல் பிடித்துக் கொடுத்த அக்காவிடம் அப்பா கேட்ட கேள்விகள், வரிசையாக: எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை? கட்டிக்குடுத்தது எங்க? இருநூறு ரூபாய் பெட்ரோல் இறங்குவதற்குள் அந்த அக்காவின் கொழுந்தனாரும் எங்கள் மாமா ஒருவரும் ஒரே ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டவர்கள் என்று நிரூபணமாகிவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே எங்களுக்குப் பின்னால் நின்ற காரை இன்னும் இரண்டு நிமிடம் காக்க வைத்தார்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழக நேர்காணலில், வீடியோவில் மூன்று பேராசிரியர்கள். முன்பின் தெரியாத ஊரில் போய்க் கண்மாயைப் பற்றி எப்படித் தகவல் சேகரிப்பாய் என்று கேட்டார்கள். நான் எந்தப் புத்தகத்தையும் சொல்லவில்லை. முதலில் எந்த ஊர் என்று கேட்பேன். பிறகு யார் வீடு. பிறகு எங்களுக்குள் ஏதாவது ஒரு உறவு கண்டுபிடிப்பேன். டீ வரும். அதற்குப் பிறகுதான் மடையைப் பற்றிக் கேட்பேன். அதுவும் நேராகக் கேட்க மாட்டேன், தண்ணீர் எத்தனை அடியில் என்று ஆரம்பிப்பேன். மூவரும் எழுதிக்கொண்டார்கள். இந்த முறையை எங்கே பயின்றாய் என்றார் நடுவில் இருந்தவர்.

பைக்கின் பின் சீட்டில் என்று சொல்லவில்லை. களப்பயிற்சி என்றேன்.

ஐந்து வயதிலிருந்து அந்த சீட்டில் உட்கார்ந்து வெட்கப்பட்டவள் நான். போகிற இடமெல்லாம் வண்டியை நிறுத்தி, முகம் தெரியாதவர்களிடம் கிணற்று ஆழம் கேட்கும் அப்பா. சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நான். இதிலிருந்து தப்பிக்கத்தான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். படித்து முடித்து எழுதிய ஆய்வுத் திட்டத்தைத் திரும்பிப் படித்தால், அது முழுக்க அப்பா.

இரண்டாம் முயற்சி, அன்னவாசல் தாண்டி.

"அப்பா."

"ம்."

"இந்த பி.எட்...."

"ஆமா. திங்கக்கெழம."

"ம்."

மூன்றாம் முயற்சி நடக்கவில்லை. இலுப்பூருக்கு முன் சாலையோரம் போர் வண்டி நின்றது. வெள்ளைப் புழுதி. அப்பாவின் வண்டி தானாக நின்றது. நிலத்துக்காரர் தலையில் துண்டோடு நின்றார். அறுநூற்று எண்பது அடி போயிருந்தது. ஈரமே இல்லை. அப்பா இருபது நிமிடம் அவர் பக்கத்தில் சும்மா நின்றார். துக்க வீட்டில் நிற்பதுபோல. கிளம்பும்போது, "இன்னும் நாப்பது அடி பாருங்க" என்றார். அவர், "பாக்கணுங்க" என்றார். எங்கள் தோப்பில் எழுநூற்றுப் பத்து அடி. அதுவும் சித்திரையில் காற்றுத்தான் வரும்.

விராலிமலையில் மோட்டாரை அப்பா பார்க்கவில்லை. கேட்டேன். "வரும்போது பாத்துக்கலாம்" என்றார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மோட்டாரை ஒத்திப்போடுகிற ஆள் இல்லை.

10.25 கொடும்பாளூர். மீட்டரில் எண்பத்தெட்டு. விராலிமலையிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் ஆறேழு கிலோமீட்டர் வந்து, உள்ளே திரும்ப வேண்டும். நாங்கள் போன அன்று கட்டணம் ஏதும் கேட்கவில்லை.

கோயிலைப் பற்றிச் சுருக்கமாக. பத்தாம் நூற்றாண்டு. இந்தப் பகுதியை ஆண்ட இருக்குவேள் தலைவர் ஒருவர், தன் பேரிலும் தன் இரு மனைவியர் பேரிலும் மூன்று கோயில்கள் கட்டினார். மூன்றும் ஒரே வரிசையில், மேற்குப் பார்த்து. இன்று இரண்டு நிற்கின்றன. மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும். சுற்றிலும் சிறு கோயில்களின் அடித்தளங்கள். வெட்டிய புல், நல்ல வெயில், யாரும் இல்லை. நிற்கும் இரண்டின் சிற்பங்களை அருகில் போய்ப் பாருங்கள். கல் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வரும்.

அப்பா மூன்றாவதன் அடித்தளத்துக்கு முன்னால் நின்றார். காவலரைக் கூப்பிட்டார்.

"இது இடிஞ்சுபோச்சுங்களா?"

"ஆமாங்கய்யா. ரொம்ப நாளாச்சு."

"மூணுல இது யாரோடது?"

"அது சரியாத் தெரியாதுங்க."

அப்பா யோசித்தார். "அந்த ஆளோடதாத்தான் இருக்கும். பொண்டாட்டி ரெண்டு பேரோடதும் நல்லா நிக்குது பாருங்க."

காவலர் சத்தமாகச் சிரித்தார். ஐந்து நிமிடத்தில் அவருடைய ஊர், மகன் படிப்பு, வீட்டு போர் ஆழம் எல்லாம் வெளியே வந்துவிட்டன. நான் கல்வெட்டுகளைப் படம் எடுத்தேன். எடுத்துக்கொண்டே மணி பார்த்தேன். 10.50. எட்டரைக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம்.

பதினொரு மணிக்குத் திருச்சி வாடகைக் கார் ஒன்று வந்தது. வெள்ளைக்காரத் தம்பதி. அறுபது வயது இருக்கும். தொப்பி, கேமரா, சிவந்த கழுத்து. டிரைவர் காரிலேயே ஏசியில் இருந்துவிட்டார்.

அப்பாவின் முகத்தில் அந்த வெளிச்சம் வந்தது. எனக்குத் தெரிந்த வெளிச்சம்.

"வேண்டாம்ப்பா."

"எந்த ஊருன்னு கேளு."

கேட்டேன். பெல்ஜியம். அப்பா தலையாட்டினார், பக்கத்து ஒன்றியம் என்பதுபோல.

"எத்தனை பிள்ளைங்க?"

ஒரு மகள், ஒரு மகன்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

மகன் பத்து வருடமாக ஒரு பெண்ணோடு வாழ்கிறான், திருமணம் செய்துகொள்ளவில்லை என்றார் அந்த அம்மா. "ஆயிருச்சாம்" என்று மொழிபெயர்த்தேன்.

"நெதர்லாந்து அவங்க ஊருலேருந்து எவ்வளவு தூரம்னு கேளு."

கேட்டேன். அவர் சொன்னார்.

"நாப்பது கிலோமீட்டராம்ப்பா."

"நம்ம வீட்டுலேருந்து புதுக்கோட்டை மாதிரி" என்றார் அப்பா.

ஆமாம் என்றேன். பிறகுதான் உறைத்தது. நெதர்லாந்து என்ற சொல்லை நான் எங்கள் வீட்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பெல்ஜியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க பொம்பளப் பிள்ளைக தனியாத் தங்கிப் படிக்குதுகளான்னு கேளு."

கேட்டேன். என் இங்கிலீஷ் எனக்கே தூரத்தில் கேட்டது. "படிக்கிறாங்களாம். அவங்க மகளும் அப்படித்தான் படிச்சாங்களாம்."

"சேதாரம் இல்லாம வந்துச்சா?"

"நல்லா இருக்காங்களாம்."

"அரிசி கெடைக்குமா?"

"கிடைக்குமாம்."

"தண்ணி எத்தனை அடியில?"

இதற்கு அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நெதர்லாந்தில் பல இடங்களில் ஒரு மீட்டர் தோண்டினாலே தண்ணீர், பாதி நாடு கடலைவிடத் தாழ்வு, இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்து வெளியே தள்ளுகிறார்கள் என்றார் அவர்.

"மூணு அடிப்பா."

அப்பா அப்படியே புல்லில் உட்கார்ந்தார்.

"மூணு அடியா?"

"வேண்டாம்னு மோட்டார் போட்டு வெளிய எறைக்கிறாங்களாம்."

"கிறுக்குப் பயலுக" என்றார் அப்பா, பெரிய மரியாதையோடு. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு பழம். காவலரிடம் அனுமதி கேட்டு, கோயில் வளாகத்துக்கு வெளியே மரநிழலில் சாக்கை விரித்தார். கத்தி, தேங்காய் எண்ணெய் பாட்டில், எல்லாம் சாக்குக்குள்ளேயே இருந்தன. எண்ணெய் தடவிக்கொள்ளாமல் கை வைக்கக்கூடாது என்று இரண்டு மொழியில் சொன்னோம். அந்த அம்மா கேட்டார். ஐயா கேட்கவில்லை. பால் ஒட்டி, விரலும் விரலும் ஒட்டி, பிறகு கேமராவும் ஒட்டியது. அப்பா அவர் கையைப் பிடித்து எண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். அந்த அம்மா பதினோரு சுளை தின்றார். டிரைவரும் ஏசியை விட்டு இறங்கி வந்தார். போனாத் தெரிஞ்சிரும் என்று அப்பா காலையில் சொன்னது சரிதான்.

அவர்கள் போன பிறகு வளாகத்தின் ஓரத்தில் இருக்கும் பழைய கிணற்றடியில் உட்கார்ந்தோம். அப்பா கையைத் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தார்.

மை மங்கிய என் கடிதம். நடுவில் வட்டமாக எண்ணெய்.

செராக்ஸ் கடைக் கழிவுத் தாள், பக்கத்து வடைக் கடைக்குப் போகும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் என் அரையாண்டு விடைத்தாள் ஒன்றில் மசால் வடை தின்றவள் நான். எழுபத்தைந்து பேர் விண்ணப்பித்த ஓர் இடத்தை வாங்கத் தெரிந்த எனக்கு, அந்தத் தாளைக் கிழித்துப் போடத் தெரியவில்லை.

"திங்கக்கெழம சாயங்காலம் ஒங்கம்மாவுக்கு வடை வாங்குனேன். இங்கிலீசுல எம் பேரு இருந்துச்சு. எம் பேரு எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும்ல?"

கடிதத்தின் முதல் வரி: அன்புள்ள மிஸ் சுப்பையா. சுப்பையா என்பது அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் நான் நிரப்பியது.

"எனக்குத்தான எழுதியிருக்கான், அவன் ஊருக்கு எதுக்குக் கூப்புடுறான்னு பாத்தேன். செவ்வாக்கெழம அறந்தாங்கிக்குப் போயி ஒஞ் சித்தப்பங்கிட்டக் குடுத்தேன். குவைத்துல பதினாலு வருசம் இருந்தவன்ல. படிச்சுச் சொன்னான்." கிணற்றைப் பார்த்தார். "செராக்ஸ் கடைக்காரனுக்குத் தெரியுது. வடைக் கடைக்காரனுக்குத் தெரியுது. ஆலங்குடி டீக்கடை வரைக்கும் தெரியுது. எனக்கு மட்டும் வடையில சுத்தி வருது."

இதற்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை.

"மோட்டார்?"

"மோட்டாரும் இல்லை, ஒண்ணும் இல்லை. எங்கிட்ட சொல்றியா இல்லையான்னு பாக்கத்தான் வந்தேன். எண்பத்தெட்டு கிலோமீட்டரு. பழம் குத்துதுங்கிற."

"வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு..."

"சொல்லத்தான் சொல்லியிருப்பேன். மொத நாளு வேண்டாம்னு சொல்லியிருப்பேன். ரெண்டாம் நாளு நாலு பேர விசாரிச்சிருப்பேன். மூணாம் நாளு சரின்னிருப்பேன். அந்த மூணு நாளு எனக்கு வேணும்ல ஆத்தா?"

பிறகு அவர் காலை மடக்கி, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அப்படி யாரும் உட்கார மாட்டோம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சிக்க. இப்பச் சொல்லு."

சொன்னேன். முகத்தைப் பார்த்து. முதலிலிருந்து. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அவரும் ஒன்றும் தெரியாதவர் போலவே கேட்டார். சரியான இடங்களில் "அடடே" என்றார்.

"மடையப் பத்திப் படிக்க மடையில்லாத ஊருக்கா போகணும்?"

நேர்காணலில்கூட இதை யாரும் கேட்கவில்லை.

"அங்க பழைய ஆவணம், வரைபடமெல்லாம் இருக்குப்பா. அதப் படிச்சிட்டு இங்கதான் வரணும். வருசத்துல பாதி நாள் இங்க ஊரு ஊராப் போயி விசாரிக்கணும்."

"விசாரிக்கணுமா? அதுக்குக் காசு குடுக்குறானா?"

"ஆமாப்பா."

அப்பா வெகுநேரம் அதை யோசித்தார். "அப்ப நான் நாப்பது வருசமா ஓசியிலல்ல பாத்திருக்கேன்."

"பி.எட். சீட்டு?"

"பி.எட். எங்க ஓடிறப் போகுது. முடிச்சிட்டு வந்து சேரு."

"பிஎச்.டி. முடிச்சவங்க பி.எட்...."

"சேரு."

"சரிப்பா."

கிணற்றடியில் சிக்னல் இல்லை. காவலர், "அந்த மூணாவது கோயில்கிட்டப் போங்க, டவர் கிடைக்கும்" என்றார். அடித்தளத்தின் ஓரமாக நின்றோம். ஒரு கோடு வந்தது. போனது. இரண்டு கோடு. பக்கம் திறந்தது. பதினெட்டாவது முறை. 12.40. விரல் போயிற்று. அப்பா என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். நன்றி, மிஸ் சுப்பையா என்று வந்தது.

"எனக்குத்தான் நன்றி சொல்றான்" என்றார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில். ஹலோகூட இல்லை.

"சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா" என்றார் அப்பா.

"அப்பாடி. நாலு நாளா வாய மூடிக்கிட்டு இருக்க எனக்கு நெஞ்சே அடைக்குது."

அதற்குப் பிறகு குக்கர் மட்டும் கேட்டது. மூன்றாவது விசிலுக்குப் பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள். மூக்கு அடைத்திருந்தது. திட்டு மட்டும் இன்னும் பாக்கி. நான் கணக்கிட்ட மூன்று மணி நேரத்தை அம்மா நான்கு நாட்களாகத் தனியாகக் கழித்திருக்கிறாள்.

விராலிமலையில் சாப்பாடு, ஆளுக்கு நூறு ரூபாய். திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். அப்பா பின்னால். நடுவில் பழம் இல்லை. வழி முழுக்க என் ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொண்டே வந்தார். இலுப்பூருக்குப் பக்கத்தில் அந்த போர் வண்டி இன்னும் நின்றது. நானே நிறுத்தினேன். எழுநூற்று முப்பதில் கொஞ்சம் ஈரம் வந்திருந்தது. அப்பா அவரிடம் என்னைக் காட்டி, "மக நெதர்லாந்து போறா. அங்க மூணு அடியில தண்ணி" என்றார். அவர் அப்பாவை முறைத்தார். சொல்லக்கூடிய நேரம் அதுவல்ல.

வீடு, மாலை 5.15.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

காலையிலேயே போய்விடுங்கள். கல் சுடும், நிழல் குறைவு. தண்ணீர் கொண்டு போங்கள். பஸ்ஸில் என்றால் புதுக்கோட்டையிலிருந்து விராலிமலை, அங்கிருந்து மதுரைப் பக்கம் போகும் பஸ்ஸில் கொடும்பாளூர் பிரிவில் இறங்க வேண்டும். எல்லா பஸ்ஸும் நிற்காது, ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அப்பாவோடு என்றால் மூன்றரை. எங்களுக்கு ஆன செலவு பெட்ரோல் இருநூறு, காலை டீயும் வடையும் நாற்பது, சாப்பாடு இருநூறு. பழம் வீட்டில் காய்த்தது. பைக்கில் நடுவில் வைத்துப் போவதாக இருந்தால் சாக்கை இரண்டாக மடித்துப் போடுங்கள். எண்ணெய் அவசியம்.

தனிப்பயணம் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் இன்னும் அனுபவம் இல்லை. செப்டம்பரில் கிளம்பும்போது கிடைக்கும் என்று நினைத்தேன். டிக்கெட்டில் பெயர் பார்த்தேன். சுப்பையா என்றுதான் இருக்கிறது. அப்பா அதை நான்கு பிரதி எடுத்து வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. வீட்டில் சொல்ல முடியாத செய்தி உங்களிடம் இருந்தால் அதைக் கீரமங்கலத்தில் பிரின்ட் எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால், முதல் தாளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், அது தானாக வீடு போய்ச் சேரும். ஆனாலும் மூன்று நாள் முன்னதாக நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அந்த மூன்று நாள் வேண்டும்.